வேலியான சட்டம்

ஒரு மனிதனைப் பார்த்து, "உனக்கு இவ்வூரில் இடமில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லித் துரத்துவது பழங்காலத்து வழக்கம். தன்னைத் துரத்தியவன் இன்னான் என்பதாவது துரத்தப்பட்டவனுக்கு அக்காலத்தில் தெரிந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் நாகரிகம் பெற்றது. எவரையும் பெயர் சொல்லித் துரத்த வேண்டுவதில்லை. "இவ்வட்டாரத்தில் வீடு கட்ட அரை ஏக்கர் மனை வேண்டும், ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடே கட்டலாம், அடுக்கு வீடு கூடாது" என்று சட்டப் புத்தகத்தில் மூன்று வரி எழுதிவிட்டால் போதும். இல்லாதவன் தானே போய்விடுவான்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இச்சட்டம் பிறந்து வளர்ந்த விதத்தையும், நியூ ஜெர்ஸி மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்னும் ஊரில் எதெல் லாரன்ஸ் என்னும் கறுப்பின மாது இதை எதிர்த்து நின்ற வரலாற்றையும் இங்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். கடல் கடந்த ஊர் ஒன்றின் மனைத் தகராறு நமக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். மூன்று தலைமுறை பால்மரம் சீவிய தோட்டம் துண்டு போடப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறியபோது, அங்கே எழுந்த வீடுகளில் ஒன்றையேனும் வாங்க வகையின்றி லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இக்கதை அந்நியமாயிராது.

முதலில் சட்டம் இன்னதென்று சொல்லிவிடுவோம். ஒரு நகரத்தின் நிலம் முழுவதையும் வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, இன்ன வட்டாரத்தில் குடியிருப்பு, இன்ன வட்டாரத்தில் கடை, இன்ன வட்டாரத்தில் தொழிற்சாலை என்று வரையறுப்பதை ஆங்கிலத்தில் 'ஜோனிங்' என்பர். நாம் வட்டாரப் பிரிவுச் சட்டம் என்று வழங்குவோம். புகையும் நாற்றமும் இரைச்சலும் குழந்தைகள் உறங்கும் வீட்டை அணுகாமல் காப்பது நல்ல காரியமே. அதனை யாரும் குறை கூறார். நியூயார்க் நகரம் 1916-ம் ஆண்டில் நகரம் முழுவதற்கும் இத்தகைய சட்டத்தை இயற்றியது. அந்நாட்டில் ஒரு பெருநகர் முழுவதையும் தழுவிய முதற்சட்டம் அதுவே. முந்தின ஆண்டில் கட்டி முடிந்த ஈக்விட்டபிள் என்னும் மாபெருங் கட்டடம் சுற்றுத் தெருக்களின் வெயிலையெல்லாம் மறைத்துவிட்டது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணமும் இருந்தது. ஐந்தாம் அவென்யூவில் பெரிய கடை வைத்திருந்த வியாபாரிகள், தையல் தொழிற்சாலைகள் தங்கள் வீதியை நெருங்குவதை விரும்பவில்லை. நண்பகல் உணவு வேளையில் அத்தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் ஏழைத் தொழிலாளர் நடைபாதையில் கூடி நிற்பதைக் கண்டு தங்கள் சீமாட்டி வாடிக்கைக்காரர்கள் முகஞ் சுளிப்பார்களே என்பது அவர்கள் கவலை. புகையை விலக்குவதும் ஆளை விலக்குவதும் ஒரே சட்டத்தில் ஒருங்கே பிறந்தன என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே 1916-ல் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி நகரம், சில வட்டாரங்களில் ஒரு குடும்பம் வாழும் தனி வீட்டைத் தவிர வேறெதுவும் கட்டலாகாது என்று விதித்தது.

இதற்கும் முன்னரே வேறொரு சோதனை நடந்து முடிந்திருந்தது. 1910-ம் ஆண்டில் பால்ட்டிமோர் நகரில் கறுப்பின வக்கீல் ஒருவர் வெள்ளையர் வாழும் தெருவில் வீடு வாங்கினார். அத்தெருவினர் கொதித்தெழுந்தனர். வெள்ளையர் பெரும்பான்மையாயுள்ள தெருப்பகுதியில் கறுப்பர் குடியேறலாகாது, கறுப்பர் பெரும்பான்மையாயுள்ள பகுதியில் வெள்ளையர் குடியேறலாகாது என்று நகரசபை சட்டஞ் செய்தது. இரு சாராருக்கும் ஒரே விதி விதித்தோம் என்று பெருமையும் பேசிக்கொண்டது! ஊரென்றும் சேரியென்றும் பிரித்து வைத்துவிட்டு, "நாங்கள் அங்கே போவதில்லை, நீங்களும் இங்கே வரவேண்டாம்" என்று நியாயம் பேசுவோரை நாம் அறிவோம். அந்த நியாயந்தான் இது. லூயிவில் முதலிய பல நகரங்கள் பால்ட்டிமோரைப் பின்பற்றின. லூயிவில் நகரத்துச் சட்டத்தை எதிர்த்து வழக்கு நடந்தது. 1917-ம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டம் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மனிதரெல்லாம் சமம் என்னும் கொள்கையைக் காட்டிலும், சொத்துக்காரன் தன் சொத்தைத் தான் விரும்பியவருக்கு விற்கும் உரிமையே அத்தீர்ப்பில் முன்னின்றது. எப்படியாயினும், நிறத்தைச் சட்டத்தில் எழுதித் தெருவைப் பிரிக்கும் வழி அன்றோடு அடைபட்டது. ஆனால் வீட்டின் அளவையும் மனையின் அளவையும் எழுதிப் பிரிக்கும் வழி திறந்தே கிடந்தது.

அவ்வழிக்கு நாட்டின் தலைமைக் கோர்ட்டே முத்திரை குத்திக் கொடுத்த வழக்கு, ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரையடுத்த யூக்ளிட் என்னும் சிற்றூரில் எழுந்தது. 1922-ம் ஆண்டு நவம்பரில் யூக்ளிட் ஊராட்சி தன் நிலத்தையெல்லாம் ஆறு வகையாகப் பிரித்தது. முதல் வகையில் ஒரு குடும்பத் தனி வீடு. இரண்டாம் வகையில் இரு குடும்பம் வாழும் வீடும் சேரும். மூன்றாம் வகைக்கு வந்த பிறகே அடுக்கு வீட்டுக்கு இடம். இப்படியே படிப்படியாக இறங்கி ஆறாம் வகையில் தொழிற்சாலையும் குப்பைமேடும் வரும். அவ்வூரில் ஆம்ப்ளர் என்னும் நில வாணிபக் கம்பெனிக்கு 68 ஏக்கர் நிலம் இருந்தது. தொழிற்சாலைக்கு விற்றால் ஏக்கர் 10,000 டாலருக்குப் போகும், வீட்டு மனையென்றால் 2,500 டாலர்தான் தேறும் என்று சொல்லிக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. கீழ்க்கோர்ட்டு நீதிபதி வெஸ்டன்ஹேவர் 1924-ல் கம்பெனியின் பக்கம் தீர்த்தார். அவர் ஓர் உண்மையைப் பளிச்சென்று கண்டுகொண்டார். இச்சட்டத்தின் முடிவான பலன், ஜனங்களை அவரவர் வருவாய்க்கும் வாழ்க்கை நிலைக்கும் ஏற்ப வகுத்துப் பிரித்து வைப்பதேயாகும் என்பது அவர் கருத்து. (அதே நீதிபதி கறுப்பர் குடியேற்றத்தால் சொத்தின் விலை குறைகிறது என்பதையும் சங்கையின்றி ஒப்புக்கொண்டார். ஒரு கண்ணால் தெளிவாகப் பார்ப்பவர் மறு கண்ணை மூடிக்கொள்வது உலக வழக்கந்தானே!)

வழக்கு மேலே சென்றது. 1926-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஆறு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூவர் மறு பக்கமுமாக நின்று, யூக்ளிட் ஊராட்சியின் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்டு தீர்ப்பை எழுதினார். சண்டை நடந்தது தொழிற்சாலை நிலத்தின் விலையைப் பற்றி. தீர்ப்பிலோ, தனி வீடுகள் நிறைந்த அழகிய தெருவில் அடுக்கு வீடு புகுந்தால் அது பிறர் தேடிய நலத்தை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி போன்றது என்னும் கருத்தை அவர் எழுதி வைத்தார். வெயிலை மறைக்கிறது, காற்றைத் தடுக்கிறது, வண்டிகளைப் பெருக்குகிறது, குழந்தைகள் விளையாடும் அமைதியான இடத்தைக் கெடுக்கிறது என்று குற்றப் பட்டியல் நீள்கிறது. அடுக்கு வீட்டில் வாழ்வோருக்கும் குழந்தைகள் உண்டு, அவர்களும் விளையாட வேண்டும் என்பது அத்தீர்ப்பில் எங்கும் தோன்றவில்லை. ஒரு கட்டடத்தை ஒட்டுண்ணி என்றால், அதற்குள் குடியிருப்பவனை அயலான் எந்தப் பெயரால் நினைப்பான்?

யூக்ளிட்டில் கம்பெனி இழந்த அந்நிலம் வீட்டு மனையாகவும் ஆகவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டு சும்மா கிடந்து, இரண்டாம் உலக யுத்த காலத்தில் தொழிற்சாலைக்கே போயிற்று. தீர்ப்பு மட்டும் நாடெங்கும் பரவி நிலைத்தது. அடுக்கு வீடு வேண்டாம் என்று மனுக்கொடுக்கும் ஒவ்வோர் ஊர்க் கூட்டத்துக்கும் அதுவே பிரமாணமாயிற்று.

யுத்தத்துக்குப் பின்னர் அமெரிக்கப் புறநகர்கள் காட்டுத்தீ போலப் பரவின. சர்க்கார் ஜாமீனில் கடன் கிடைத்தது. நெடுஞ்சாலைகள் வந்தன. நகரத்து வெள்ளைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறித் தோட்டமுள்ள தனி வீடு வாங்கின. கறுப்பருக்கு விற்கமாட்டோம் என்று கிரயப் பத்திரத்தில் எழுதிக்கொள்வதைக் கோர்ட்டுகள் நிறைவேற்றித் தரலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1948-ல் தீர்த்தது. அதன் பின்பு மனையளவுச் சட்டத்துக்கு மதிப்பு முன்னிலும் கூடிற்று.

இவ்விடத்தில் புறநகர்க் குடிகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுவது நம் கடமை. அவர்கள் எல்லாரும் நெஞ்சில் நஞ்சு கொண்டவர்கள் என்று எழுதிவிட்டால் எளிதாயிருக்கும். உண்மை அவ்வளவு எளிதன்று. ஒரு சாதாரணக் குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு முழுதும் அந்த ஒரு வீட்டில் அடங்கியிருந்தது. முப்பது ஆண்டுக் கடனில் வாங்கிய வீடு அது. அதன் விலை இறங்கினால் முதுமைக்கு வைத்த பொருள் கரையும். இது மெய்யான அச்சமே. அன்றியும், அந்நாட்டில் பள்ளிக்கூடச் செலவின் பெரும்பகுதி அந்தந்த ஊரின் வீட்டு வரியிலிருந்தே வந்தது. ஆகவே ஊர்க் கணக்குப்பிள்ளையின் பார்வையில் தொழிற்சாலை வரவு. பெரிய வீடு வரவு. நான்கு குழந்தைகளோடு சிறு வீட்டுக்கு வரும் ஏழைக் குடும்பம் செலவு. செலவைத் தவிர்ப்பது எப்படி? குழந்தைகள் வாராதபடி வீடுகளை வரையறுப்பது ஒரு வழி. தனித்தனி ஊராட்சியும், ஊரளவில் வரியும், ஊரளவில் சட்டமும் இருக்கும் வரையில், நல்ல மனிதர்கள்கூடக் கூட்டங் கூடிக் கல்நெஞ்சத் தீர்மானங்களை நிறைவேற்றுவார்கள். "எங்களுக்கு யார்மேலும் வெறுப்பில்லை, வரி கூடிவிடுமே!" என்று அவர்கள் சொன்னது முழுப் பொய்யன்று. முழு உண்மையுமன்று.

இனி மவுண்ட் லாரலுக்கு வருவோம்.

பிலடெல்பியா நகரின் எதிர்க்கரையில் கேம்டன் என்னும் தொழில் நகரம் உள்ளது. அங்கிருந்து ஏழு மைல் தூரத்தில், 22 சதுர மைல் பரப்புள்ள உழவர் ஊராயிருந்தது மவுண்ட் லாரல். 1950-ல் அங்கு வாழ்ந்தோர் 2,817 பேர். 1960-ல் 5,249 பேர். 1970-ல் 11,221 பேர். நெடுஞ்சாலைகள் வந்தன, வயல்கள் வீட்டு மனைகளாயின. ஆனால் அவ்வூரில் வெகு காலமாகவே கறுப்பர் வாழ்ந்து வந்தனர். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் மிகுந்த அப்பகுதி, அடிமை முறை நிலவிய நாளில் தப்பியோடி வந்த அடிமைகளுக்குப் புகலிடம் தந்ததாகும். அவர்கள் வழிவந்தோர் பிறர் வயலில் உழைத்து, ஸ்பிரிங்வில் என்னும் பகுதியில் குடியிருந்தனர். எதெல் லாரன்ஸின் முன்னோரும் பல தலைமுறையாக அவ்வூராரே. புதிதாய் வந்தவர் வெள்ளையர். பழைய குடி இவர்.

1964-ல் ஊராட்சி இயற்றிய சட்டத்தை நேயர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். குடியிருப்பு வட்டாரங்கள் நான்கு. நான்கிலும் மனைக்கு ஒரு தனி வீடு மட்டுமே. அடுக்கு வீடும் கூடாது, சுவரொட்டிய வரிசை வீடும் கூடாது. பெரும் பரப்புக்கு அரை ஏக்கர் மனையே குறைந்த அளவு. ஊரின் நிலத்தில் நூற்றுக்கு 29 பங்கு, அதாவது நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர், தொழிற்சாலைக்கென ஒதுக்கப்பட்டது. அதில் உண்மையில் தொழிற்சாலை எழுந்ததோ ஏறக்குறைய 100 ஏக்கரில்தான்! மற்றதெல்லாம் வெறுந்தரையாய்க் கிடந்தாலும் அங்கே வீடு கட்டலாகாது. பின்னால் பெரிய கம்பெனிகளுக்குச் சில அடுக்கு வீடுகள் கட்ட அனுமதி தந்தபோது, படுக்கையறைகளுக்குக் கணக்கு வைத்தார்கள். ஒரு குடியிருப்பில் பள்ளிக்குச் செல்லும் வயதுடைய குழந்தைகள் இருவருக்கு மேலிருந்தால் அக்குடும்பத்துக்கு வீடு இல்லை. மற்றொரு திட்டத்தில், அடுக்கு வீடு ஒன்றுக்குச் சராசரி 0.3 பள்ளிப் பிள்ளைக்கு மேற்பட்டால் மிகுதிப் பிள்ளைகளின் படிப்புச் செலவைக் கம்பெனி கட்ட வேண்டும். குழந்தையைப் பத்தில் மூன்று பங்காக அளந்து பார்த்த ஊரை வரலாற்றில் வேறெங்கும் நாம் கண்டதில்லை.

இதற்கிடையே ஸ்பிரிங்விலில் கறுப்பர் வாழ்ந்த வீடுகள் இற்று விழுந்துகொண்டிருந்தன. கோழிக்கொட்டகையைத் திருத்தி அதில் குடும்பம் நடத்தியோரும் இருந்தனர். ஊராட்சி அவ்வீடுகளை வாழத் தகாதவை என்று முத்திரையிட்டு மூடும். மாற்று வீடு தராது. மூடிய வீட்டிலிருந்து வெளியேறியவர் கேம்டன் நகரத்துச் சேரிக்குப் போவார். இப்படியே ஒவ்வொரு குடும்பமாக ஊர் தன்னைக் கழுவிக்கொண்டிருந்தது.

எதெல் லாரன்ஸும் அண்டை அயலாரும் சேர்ந்து ஒரு செயற்குழு அமைத்தார்கள். 32 ஏக்கர் நிலம் வாங்க ஏற்பாடு செய்தார்கள். அதில் எளிய வாடகையில் 36 அடுக்கு வீடுகள், உயரமில்லாமல் தோட்டத்தோடு கூடியவை, கட்டுவதற்குத் திட்டம் வகுத்தார்கள். மாநில சர்க்காரின் ஆரம்ப உதவியும் கிடைத்தது. ஊராட்சி தன் வட்டாரச் சட்டத்தில் ஓர் இடத்தை மாற்றித்தர வேண்டும், அவ்வளவே மீதியிருந்தது. முப்பத்தாறே வீடுகள்! 22 சதுர மைலில்!

1970-ம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறுப்பர் வழிபடும் ஜேக்கப்ஸ் சேப்பல் என்னும் சிறு மாதா கோவிலுக்கு அவ்வூர் மேயர் வந்தார். நல்ல செய்தி கொண்டு வந்திருப்பார் என்று காத்திருந்த ஜனங்களிடம், திட்டத்துக்கு அனுமதி கிடையாது என்றார். இவ்வூரில் வாழ வசதியில்லாதவர்கள் இவ்வூரைவிட்டுப் போய்விட வேண்டியதுதான் என்று சொல்லி முடித்தார். அவர் கூற்றில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களின் பாட்டன்மார் அக்கோவிலைச் சுற்றியிருந்த மண்ணை உழுதவர்கள்.

எதெல் லாரன்ஸ் அக்கூட்டத்தில் இருந்தார். அவர் பல குழந்தைகளின் தாய், சிறுவர் பள்ளியில் வேலை பார்த்தவர், அரசியலில் பழக்கமில்லாதவர். ஏழைகளுக்கு இலவசமாக வழக்காடும் கேம்டன் சட்ட உதவி அலுவலகத்து இளம் வக்கீல்கள் பீட்டர் ஓ'கானர், கார்ல் பிஸ்கேயர், கென்னத் மைசர் என்னும் மூவர் முன்வந்தார்கள். 1971-ல் வழக்குப் பதிவாயிற்று. எதெல் லாரன்ஸின் மகளும் வாதிகளுள் ஒருவர். வசையும் மிரட்டலும் அவர்கள் வீட்டு வாசலைத் தேடி வந்தன.

விசாரணைக் கோர்ட்டு 1972-ல் வாதிகள் பக்கம் தீர்த்தது. ஊராட்சி மேல்முறையீடு செய்தது. 1975-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி நியூ ஜெர்ஸி சுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்பைச் சொல்லிற்று. எழுதியவர் நீதிபதி பிரெடரிக் ஹால். 1962-ல் வேறோர் ஊர் நடமாடும் வீடுகளை அடியோடு தடைசெய்த வழக்கில், பெரும்பான்மை நீதிபதிகள் தடையை ஏற்றபோது, மாறுபட்டுத் தனிக்கருத்து எழுதியவர் அவர். பதின்மூன்று ஆண்டு சென்று அவர் கருத்தே கோர்ட்டின் கருத்தாயிற்று. ஊராட்சி தன் அதிகாரத்தை எங்கிருந்து பெறுகிறது? மாநிலத்தினின்று. மாநிலத்தின் அதிகாரம் யாருக்காக? பொதுநலத்துக்காக. ஆகவே எல்லைக்கோட்டுக்குள் இன்று குடியிருப்பவர் நலம் மட்டும் பொதுநலம் ஆகாது; அவ்வட்டாரம் முழுதும் வாழும் எளியோர் நலத்தையும் நோக்க வேண்டும்; வளர்ந்துவரும் ஒவ்வோர் ஊரும் எளிய வருவாயினர்க்கு வீடு எழுவதற்கு மெய்யான வாய்ப்பைத் தன் சட்டத்தில் வைத்து, அவ்வட்டாரத்தின் தேவையில் தனக்குரிய நியாயமான பங்கை ஏற்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். வரி குறைய வேண்டும் என்பதற்காக மனிதரை விலக்கும் உரிமை எவ்வூருக்கும் இல்லை.

ஹால் இத்தீர்ப்பை மாநில அரசியல் சாசனத்தின்மேல் நிறுத்தினார். அதனால் வாஷிங்டனிலுள்ள தலைமைக் கோர்ட்டு இதைத் தொட வழியில்லாமற் போயிற்று. அவர் செய்கையின் அருமையை அதே 1975-ல் நடந்த வேறொரு வழக்கு காட்டும். நியூயார்க் மாநிலத்துப் பென்பீல்டு என்னும் புறநகரைப் பற்றி இதே முறையீட்டோடு வாஷிங்டனுக்குப் போனவர்களை, வழக்காடும் தகுதியே உங்களுக்கு இல்லை என்று சொல்லி அக்கோர்ட்டு வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது.

தீர்ப்பு வந்துவிட்டது, வீடு வந்ததா? அதுதான் இல்லை. மவுண்ட் லாரல் ஊராட்சி கோர்ட்டின் கட்டளைக்குப் பணிந்தது போலக் காட்டி, மூன்று துண்டாக ஏறக்குறைய 20 ஏக்கரை எளியோர் வீட்டுக்கென ஒதுக்கியது. ஊரின் நிலத்தில் அது நூற்றில் கால் பங்குக்கும் குறைவு. அதிலும் வீடு கட்டுவோர் எவரும் தேடிச் செல்லாத துண்டுகள். மாநிலத்தின் மற்ற ஊர்களும் வக்கீல்களையும் நிபுணர்களையும் அமர்த்தி அறிக்கைக்குமேல் அறிக்கையாக எழுதிக் காலங் கடத்தின. எதெல் லாரன்ஸ் மீண்டும் கோர்ட்டுக்குப் போனார்.

1983-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி, தலைமை நீதிபதி ராபர்ட் வில்லென்ட்ஸ் எழுதிய இரண்டாம் தீர்ப்பு வெளிவந்தது. இம்முறை கோர்ட்டு கோபத்தை மறைக்கவில்லை. ஒவ்வோர் ஊரின் பங்கையும் எண்ணிக்கையில் கணக்கிட வேண்டும். இதற்கென மூன்று நீதிபதிகள் இருப்பார்கள். ஊர் அடம் பிடித்தால், எளியோர்க்கும் ஒரு பங்கு வீடு கட்ட முன்வரும் கம்பெனிக்கு, ஊர் மறுத்தாலும் கோர்ட்டு அனுமதி கொடுக்கும் என்றது. இந்தக் கடைசி விதி ஊர்களை நடுங்கச் செய்தது. இதில் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. வழக்கமாக ஐந்து வீட்டில் ஒன்றே எளியவனுக்கு. மற்ற நான்கும் சந்தை விலைக்கு. ஏழையின் பெயரைச் சொல்லிக் கம்பெனி லாபம் அடிக்கிறது, எங்கள் வயல்கள் போகின்றன என்று ஊரார் கூவியதை வெறுங்கூச்சல் என்று தள்ள நம்மால் இயலவில்லை. ஆனால் 1970-ல் 36 வீடு கேட்டபோதே கொடுத்திருந்தால் கம்பெனிகளுக்கு அங்கே என்ன வேலை?

எதிர்ப்பு அரசியலில் பாய்ந்தது. 1985-ல் சட்டசபை ஒரு சட்டம் இயற்றி, வழக்குகளைக் கோர்ட்டிலிருந்து எடுத்து ஒரு வீட்டு வசதிக் கவுன்சிலிடம் ஒப்படைத்தது. ஒரு புறநகர் தன் பங்கில் பாதி வரையில் வேறு நகரத்துக்குப் பணங் கொடுத்துத் தள்ளிவிடலாம் என்றும் அதில் ஒரு வாசகம் இருந்தது. பணக்கார ஊர் பணம் கொடுக்கும்; ஏழை நகரம் ஏழையை வைத்துக்கொள்ளும். இந்த வாசகம் ஒழிய 2008 வரை ஆயிற்று. வில்லென்ட்ஸின் பதவியை 1986-ல் உறுதிசெய்ய மேல்சபையில் 21 பேர் சம்மதிக்க வேண்டியிருந்தது. சம்மதித்தோர் சரியாக 21 பேர், மறுத்தோர் 19. அவர்மேல் பொழிந்த கோபத்துக்கு இத்தீர்ப்பு முக்கிய காரணம். கவுன்சில் பிற்காலத்தில் செயலற்றுப் போகவே, 2015-ல் மாநிலக் கோர்ட்டு வழக்குகளை மீண்டும் தானே ஏற்றது. இவ்வளவு இழுபறிக்கு நடுவிலும் அம்மாநிலத்தின் புறநகர்களில் பல்லாயிரம் எளிய குடும்பங்களுக்கு வீடு எழுந்தது.

வேறு மாநிலங்களிலும் வேலி தளர்ந்து வருகிறது. மின்னியாபொலிஸ் நகரம் தனி வீட்டுக்கு மட்டுமே என்றிருந்த வட்டார முறையை நீக்க 2018-ல் தீர்மானித்தது. ஆரிகன் மாநிலம் 2019-லும் கலிபோர்னியா 2021-லும் சட்டஞ் செய்தன. 1916-ல் வழி காட்டிய பெர்க்லி நகரசபையே 2021-ல் தன் பழைய விதியை ஒழிப்பதாகத் தீர்மானம் போட்டது. ஒவ்வோர் இடத்திலும் குடியிருப்போர் கூட்டங் கூடி எதிர்த்தனர், ஒவ்வொன்றும் தனிக்கதை.

மவுண்ட் லாரல் ஊராட்சி 1985-ல் வழக்கைச் சமாதானத்தில் முடித்துக்கொண்டது. ஆனால் பணந் திரட்டவும் அனுமதி பெறவும் மேலும் பல ஆண்டுகள் ஓடின. எதெல் லாரன்ஸ் 1994-ல் காலமானார். அவர் கேட்ட வீடுகளுக்கு அன்று வரையில் ஒரு செங்கல்லும் வைக்கப்படவில்லை. வக்கீல் ஓ'கானர் விட்டபாடில்லை. லாப நோக்கமற்ற ஓர் அமைப்பை நிறுவித் தாமே வீடு கட்ட முனைந்தார். எதெல் லாரன்ஸின் மகளொருவரும் உடன் நின்றார். 1997-ல் ஊர்த் திட்டக் குழு முன்னர் விசாரணை நடந்தபோது மண்டபம் நிரம்பி வழிந்தது. குற்றம் பெருகும், வீட்டு விலை விழும், வரி ஏறும், பள்ளி கெடும் என்று பழைய அச்சங்கள் அனைத்தும் மறுபடி எழுந்து பேசின. அவ்வாண்டில் அனுமதி கிடைத்தது. 2000-ம் ஆண்டின் இறுதியில் முதற் குடும்பங்கள் குடிபுகுந்தன. பின்னர்ச் சேர்த்தவற்றோடு மொத்தம் 140 வீடுகள். எதெல் லாரன்ஸ் இல்லங்கள் என்று அவற்றுக்குப் பெயர்.

அச்சம் மெய்யானதா என்று அளந்து பார்க்கவும் ஆள் கிடைத்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துச் சமூகவியல் பேராசிரியர் டக்ளஸ் மாஸியும் துணைவரும் பல ஆண்டு ஆராய்ந்து 2013-ல் ஒரு நூல் வெளியிட்டனர். வீடுகள் எழுவதற்கு முன்னும் பின்னும் மவுண்ட் லாரலின் குற்றக் கணக்கையும், வீட்டு விலையையும், வரியையும் எடுத்து, அக்குடியிருப்பு இல்லாத அண்டை ஊர்களின் கணக்கோடு ஒப்பிட்டனர். வீடுகளால் குற்றம் கூடவில்லை, விலை இறங்கவில்லை, வரி ஏறவில்லை. அங்கே இடங் கிடைத்தவர்களை, மனுச்செய்து இடங் கிடைக்காமல் காத்திருந்தவர்களோடும் ஒப்பிட்டனர். குடிபுகுந்தோரின் வருவாய் உயர்ந்திருந்தது. சர்க்கார் உதவிப்பணத்தை நம்பியிருப்பது குறைந்திருந்தது. பிள்ளைகளுக்குப் படிக்க அமைதியான இடம் கிடைத்திருந்தது.

சுற்றுப்புறத் தெருக்களில் வாழ்வோரையும் அவர்கள் விசாரித்தனர். இங்கே எளிய வருவாயினர்க்கான குடியிருப்பு ஒன்று இருப்பது தெரியுமா என்று கேட்டதற்கு, பலர் தெரியாது என்றே விடை சொன்னார்கள்.